பலகணியைச் சாத்தச் சொன்ன சட்டம்



இந்த மாத வேதபாடத்துக்கு உட்காருமுன் தானியேல் 6-ஆம் அதிகாரத்தையும், அப்போஸ்தலர் 4, 5 அதிகாரங்களையும், 1 இராஜாக்கள் 18-ன் முதல் பதினாறு வசனங்களையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாடம் நீளம். பாதியில் எழுந்து போகாதபடிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவது நல்லது.

உபத்திரவம் என்று சொன்னவுடனே நமக்கு ஞாபகம் வருவது சிங்கக்கெபி. ஞாயிறு பள்ளியில் படம் போட்டுக் காட்டியதும் அதுதான். ஆனால் அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சிங்கம் வருவதற்கு வெகுமுன்னே ஒரு காகிதம் வருகிறது. தரியு ராஜா கையெழுத்துப் போட்ட காகிதம். முப்பது நாளைக்கு மட்டும், ராஜாவைத் தவிர வேறே யாரிடத்திலும் எந்த விண்ணப்பமும் பண்ணக்கூடாது. முப்பதே நாள்! பலகணியைச் சாத்திக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு, மனசுக்குள்ளே ஜெபித்திருந்தால் தானியேலை யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நம்மில் அநேகர் அப்படித்தான் புத்தி சொல்லியிருப்போம். "ஐயா, ஒரு மாசம் பொறுத்துக்கோங்க, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர்தானே" என்று.

தானியேல் என்ன செய்தார்? புதிதாக ஒன்றும் செய்யவில்லை. தெருவில் போய் நின்று கத்தவில்லை. ராஜாவைத் திட்டவில்லை. நேற்றுவரைக்கும் திறந்திருந்த பலகணி இன்றைக்கும் திறந்திருந்தது, அவ்வளவுதான். (தானி. 6:10)

அப்போஸ்தலர் 4-க்கு வாருங்கள். சப்பாணியாயிருந்த மனுஷன் குணமாகி நிற்கிறான். ஆலோசனைச் சங்கத்தார் கூடிப் பேசுகிறார்கள். அவர்கள் எதைத் தடை பண்ணினார்கள் என்று கவனியுங்கள். இயேசுவை விசுவாசிக்கக்கூடாது என்று சொன்னார்களா? இல்லை. வீட்டுக்குள்ளே ஜெபிக்கக்கூடாது என்றார்களா? அதுவும் இல்லை. அந்த நாமத்தைச் சொல்லிப் பேசாதே, போதிக்காதே, இது ஜனத்துக்குள்ளே பரவக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு. (அப். 4:17,18) விசுவாசம் உனக்குள்ளே இருக்கட்டும், அடுத்தவனுக்குப் போகக்கூடாது! இந்தப் புத்தி ஆலோசனைச் சங்கத்தோடே ஒழிந்துபோகவில்லை. அரசாங்கங்கள் விசுவாசிகளை ஒடுக்கின சரித்திரத்தில் இது மறுபடியும் மறுபடியும் வருகிறது. அதை மிகத் தெளிவாகப் பார்க்கவேண்டுமானால் சோவியத் ரஷ்யாவின் சபை சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். நான் வேதாகமக் கல்லூரியில் சபை சரித்திரம் படித்தபோது ரஷ்யாவுக்கு ஒதுக்கியது ஒன்றரைப் பக்கம். பரீட்சைக்கு அந்தப் பகுதியிலிருந்து கேள்வியே வரவில்லை. பிற்பாடு தேடித் தேடி வாசித்தபோதுதான் எவ்வளவு பெரிய காரியத்தைத் தாண்டி வந்திருக்கிறோம் என்று விளங்கிற்று.

ஒரு வாரத்தின் அட்டவணை

1917 புரட்சிக்குப் பிறகு முதல் சில வருடங்கள் சுவிசேஷ சபைகளுக்கு ஓரளவு திறந்த வாசல் இருந்தது என்றால் நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதுவரை ஜார் மன்னர்களின் காலத்தில் அரசாங்கச் சபையே ராஜ்யம் பண்ணியதால், பாப்டிஸ்டுகளுக்கும் மற்ற சிறு கூட்டத்தாருக்கும் அடியும் நாடுகடத்தலும்தான் கிடைத்தது. 1918-ல் வந்த கட்டளை சபையையும் அரசாங்கத்தையும் பிரித்தது. அந்த இடைவெளியில்தான் இவான் வொரொனாயெவ் என்னும் தேவமனிதர் வந்தார். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், பாப்டிஸ்டு போதகராயிருந்து, 1919-ல் நியூயார்க்கில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றவர். தேவன் திரும்பிப் போகச் சொன்னார் என்று குடும்பத்தோடே புறப்பட்டு, பல்கேரியா வழியாக 1921-ல் ஒடெஸ்ஸா பட்டணத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்து உக்ரைனிலும் ரஷ்யாவிலும் பெந்தெகொஸ்தே சபைகள் எழும்பின. அல்லேலூயா!

எட்டு வருஷம்தான். 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி மதக் கூட்டமைப்புகளைப் பற்றிய சட்டம் பிறந்தது. இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தேவன் இல்லை என்று அதில் எழுதவில்லை. ஆராதனை கூடாது என்றும் எழுதவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய இருபது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைத்தால், குறித்த கட்டிடத்தில் ஆராதனை நடத்தலாம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? இனி நம் சபையின் வாராந்தர அட்டவணையை கையில் எடுத்து, இந்தச் சட்டத்தின்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

ஞாயிறு பள்ளி: பிள்ளைகளுக்கென்று தனிக்கூட்டம் கூடாது, அடித்துவிடுங்கள். சனிக்கிழமை வாலிபர் கூட்டம், அதுவும் கூடாது. செவ்வாய்க்கிழமை சகோதரிகள் ஜெபம், சட்டத்திலே பெண்கள் கூட்டம் என்றே பேர் சொல்லித் தடுத்திருக்கிறது. வேதபாட வகுப்பு கூடாது. சகோதரிகள் தையல் கற்றுக்கொடுக்கிறார்களே, கைவேலைக் கூட்டமும் கூடாது. புஸ்தக அலமாரி, வாசகசாலை கூடாது. பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி உல்லாசப் பயணம் கூட்டிப்போகக்கூடாது. இலவச மருத்துவ முகாம் கூடாது. ஒரு விதவைக்குச் சபை நிதியிலிருந்து அரிசி வாங்கிக் கொடுக்கிறோம், அதுவும் குற்றம். அங்கத்தினருக்குப் பொருளுதவி செய்யக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பக்கத்து ஊர்க் கன்வென்ஷனுக்குப் பிரசங்கியாரை அழைக்கலாமா? முடியாது. பிரசங்கி தன் சபை இருக்கிற வட்டாரத்தைத் தாண்டி ஊழியம் செய்யக்கூடாது. சபையார் தெரிந்தெடுத்த மூப்பரை அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லையா? பதிவு செய்கிற அலுவலகமே அவரை நீக்கலாம்.

இப்போது அட்டவணையில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஞாயிறு காலை ஆராதனை மாத்திரம். அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்களே, அந்த ஆதிசபை இந்தச் சட்டத்தின்கீழ் பதிவே பெற்றிருக்க முடியாது!

அதோடே நிற்கவில்லை. அதுவரை ரஷ்யக் குடியரசின் அரசியல் சட்டத்தில் மதப் பிரசாரத்துக்கும் சுதந்தரம், மதத்துக்கு விரோதமான பிரசாரத்துக்கும் சுதந்தரம் என்று இருந்தது. 1929 மே மாதம் அதைத் திருத்தி, மதத்துக்கு விரோதமான பிரசாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தில் 'பிரசாரம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நீ உன் மதத்தை வைத்துக்கொள்ளலாம், சொல்லக்கூடாது. நாத்திகன் சொல்லலாம். ஆலோசனைச் சங்கத்தின் தீர்மானம் 1900 வருஷம் கழித்துச் சட்டப் புஸ்தகத்தில் ஏறிவிட்டது.

1930-ல் வொரொனாயெவ் கைதானார். சிலகாலம் விடுதலை, மறுபடி கைது. 1937-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கத்தரீனாவும் சிறைமுகாம்களில் வருஷங்களைக் கழித்தார். 1960-ல்தான் அமெரிக்காவிலிருந்த பிள்ளைகளிடம் போய்ச் சேர முடிந்தது. அந்த மனுஷனின் சாவைப்பற்றி வேறே பயங்கரமான கதைகளும் சபைகளில் சுற்றி வந்தன. நடந்ததே போதுமான அளவு கொடுமை. அதற்கு மேல் நாம் சேர்க்கவேண்டியது ஒன்றுமில்லை.

காகிதம் உள்ளேயிருந்து வந்தபோது

இரண்டாம் உலகயுத்தக் காலத்தில் ஸ்டாலின் சபைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தார். 1944-ல் சுவிசேஷக் கிறிஸ்தவரும் பாப்டிஸ்டுகளும் ஒரே ஐக்கியமாகச் சேர்க்கப்பட்டார்கள். 1945 ஆகஸ்டில் பெந்தெகொஸ்தே தலைவர்கள் சிலர் மாஸ்கோவில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அதற்குள்ளே வந்தார்கள். சட்டத்தின் கூரை கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? பொதுக்கூட்டங்களில் அந்நியபாஷை பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்! வியாக்கியானம் இல்லாத இடத்தில் அந்நியபாஷையைப்பற்றி 1 கொரிந்தியர் 14-ல் பவுல் சொன்னதை ஆதாரமாகக் காட்டியே எழுதினார்கள்.

வசனம் சரியானதுதான். ஆனால் அதே அதிகாரத்தின் 39-ஆம் வசனத்தையும் வாசியுங்கள், பவுல் எதைத் தடுக்கவேண்டாம் என்கிறார் என்று. ஒரு வசனத்தைச் சபை ஒழுங்குக்காக எடுப்பது வேறே, அரசாங்கத்தின் நிழலில் உட்கார்ந்து எடுப்பது வேறே. ஆனாலும் அந்தச் சகோதரர்களைக் கல்லெறிய என் கை எழும்பவில்லை. பதினைந்து வருஷம் வேட்டையாடப்பட்டு, சக ஊழியரைப் புதைத்து, கடைசியாக ஒரு கதவு திறக்கும்போது நாம் என்ன செய்திருப்போம்?

சீக்கிரத்திலேயே அநேக சபைகள் அந்த ஐக்கியத்தைவிட்டு வெளியேறின. அங்கேதான் கண்ணி. பதிவில்லாமல் கூடுவது குற்றம். சரி, பெந்தெகொஸ்தே சபையாகத் தனியே பதிவு பண்ணுங்கள் என்று கேட்டால், உங்களுக்குப் பதிவு கிடையாது. 1960-களின் கடைசிவரை இதுதான் நிலைமை. 1960-ல் வந்த ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 227-ஆம் பிரிவு, சடங்கு என்ற பேரில் ஜனங்களின் ஆரோக்கியத்துக்குக் கேடு செய்கிற கூட்டம் நடத்துவோருக்கு ஐந்து வருஷம்வரை தண்டனை என்றது. உபவாசமும் அந்நியபாஷையும் மூளையைக் கெடுக்கும் என்று சொல்லி, அந்தப் பிரிவில் நம்முடைய மூப்பர்கள் பலரை உள்ளே தள்ளினார்கள்.

குருஷ்சேவ் காலத்தில், 1959 தொடங்கி, ஒடுக்குதல் மறுபடியும் பலத்தது. 1960-ல் அந்த ஐக்கியத்தின் தலைமையகத்திலிருந்தே மூத்த மேய்ப்பர்களுக்கு ஒரு கடிதம் போயிற்று. நான் வாரநாட்களில் வேலைக்குப் போய் வருகிறவன். மேலிடத்து சர்க்குலர் எப்படி இருக்கும் என்று தெரியும். கோபமான வார்த்தை ஒன்றும் இருக்காது. இந்தக் கடிதமும் அப்படித்தான். புதிய அங்கத்தினரைச் சேர்ப்பது இப்போதைக்கு முக்கியமான வேலை அல்ல. சுவிசேஷ ஊழிய வாஞ்சை அளவுமீறினால் அடக்கவேண்டும். 18 முதல் 30 வயதுக்குட்பட்ட வாலிபருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைக் கூடுமானவரை குறைக்கவேண்டும். பிள்ளைகள் ஆராதனைக்கு வருவது தவிர்க்கப்படவேண்டும்.

இதை அரசாங்க அதிகாரி வந்து சொல்லியிருந்தால் சபையார் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பார்கள். சொன்னது தங்கள் சொந்த மூப்பர்! அதுதான் உடைத்தது. 1961-ல் கென்னதி க்ரியுச்கோவ், அலெக்ஸி ப்ரோகோஃபியெவ் என்னும் இரண்டு பாப்டிஸ்டு ஊழியர்கள் எழும்பி, சபை மாநாட்டைக் கூட்டி இதை விசாரிக்கவேண்டும் என்று கேட்டார்கள். 1963-ல் கூடிய மாநாடு அந்தக் கடிதத்தைக் கைவிட்டது. ஆனால் கண்ணாடி விரிசல் விட்டுப்போயிற்று. 1965-ல் பதிவில்லாத சபைகள் தனி ஆலோசனைச் சபையாகப் பிரிந்தன.

பார்வோன் மோசேயிடம் பண்ணின பேரங்களைப்பற்றி எத்தனை கன்வென்ஷன் பிரசங்கம் கேட்டிருப்போம்! தேசத்துக்குள்ளேயே பலியிடுங்கள், தூரமாய்ப் போகவேண்டாம் என்றெல்லாம் சொல்லிப்பார்த்துவிட்டு, யாத்திராகமம் 10-ஆம் அதிகாரத்தில் யார் யார் போகிறீர்கள் என்று கேட்கிறான். இளைஞரும் முதியோரும் பிள்ளைகளும் என்கிறார் மோசே. பெரியவர்கள் மட்டும் போங்கள் என்கிறான் பார்வோன். (யாத். 10:8-11) அவன் முட்டாள் அல்ல. பிள்ளைகள் எகிப்தில் இருந்தால் பெரியவர்கள் எத்தனை நாள் வனாந்தரத்தில் ஆராதிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். கிழவர்கள் மட்டும் கூடி ஆராதிக்கிற சபை இன்னும் முப்பது வருஷத்தில் தானே முடிந்துபோகும். சுடவேண்டியதில்லை, பூட்டவேண்டியதில்லை. காத்திருந்தால் போதும்.

ஒபதியாவும் எலியாவும்

இங்கே ஒரு கடினமான கேள்வி. பதிவு செய்த சபையில் இருந்தவர்கள் எல்லாரும் பின்வாங்கிப்போனவர்களா? வெளியே காட்டுக்குள் கூடினவர்கள் மாத்திரம் மெய்யான விசுவாசிகளா? மேடையில் நின்று 'ஆம்' என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். ஆனால் வேதம் அவ்வளவு சுலபமாய்ப் பேசவில்லை.

1 இராஜாக்கள் 18-ல் ஒபதியாவைப் பாருங்கள். ஆகாபின் அரமனையில் உத்தியோகம். யேசபேலின் வீட்டுக்கு விசாரிப்புக்காரன். ஆனால் அவள் தீர்க்கதரிசிகளைக் கொல்லும்போது, நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் கெபியில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினவன் அவன்தான். பஞ்சகாலத்தில் நூறு பேருக்கு அப்பம் எங்கேயிருந்து வந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். எலியாவோ ஓரேபுக்குப் போய் நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்று முறையிடுகிறார். கர்த்தர் ஏழாயிரம் பேர் கணக்குச் சொல்கிறார். (1 இரா. 19:18) ஒபதியா ஒளித்துவைத்த நூறு பேரை எலியா எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை.

ரஷ்யாவிலும் பதிவுபெற்ற சபைகளின் வாசல் திறந்திருந்தபடியினால்தான் அநேக தாய்மார், பாட்டிமார் கடைசிமட்டும் திருவிருந்து எடுக்க முடிந்தது. அதேசமயம் வெளியே நின்றவர்கள் கத்தியிராவிட்டால் 1960-ன் கடிதம் வாபஸ் ஆகியிருக்காது. ஒபதியாவுக்கும் எலியாவுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தீர்க்கதரிசிகளின் பேரை யேசபேலுக்கு எழுதிக்கொடுக்கிறவன் ஒபதியா அல்ல. என் மட்டில் கோடு அங்கேதான் இருக்கிறது. சகோதரனைக் காட்டிக்கொடுக்காமல், பிள்ளைகளை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாமல் ஒருவர் பதிவுச் சீட்டை வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்ளட்டும். அவற்றைச் செய்தால்தான் சீட்டு நிலைக்கும் என்றால் அந்தச் சீட்டு போகட்டும்.

மனு எழுதின தாய்மார்

இராயனுக்குக் கீழ்ப்படியச் சொன்ன ரோமர் 13-ஐ வைத்துக்கொண்டு, விசுவாசி அரசாங்கத்தை ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். எழுதின பவுலே அப்படி நடக்கவில்லையே! பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துவிட்டு இரகசியமாய் வெளியே விடப்பார்த்தபோது, அதிகாரிகளே வந்து அழைத்துப்போகட்டும் என்றார். (அப். 16:37) பெஸ்துவுக்கு முன்பாக இராயனுக்கு அபயமிட்டார். (அப். 25:11) சட்டம் கொடுத்திருக்கிற உரிமையைச் சட்டத்தின் வழியிலே கேட்பது கலகம் அல்ல.

ரஷ்ய விசுவாசிகள் இதைச் செய்தார்கள். 1929 சட்டம் லெனினுடைய 1918 கட்டளைக்கே விரோதமானது என்று கம்யூனிஸ்டு அரசாங்கத்துக்கே மனு எழுதினார்கள்! 1966 மே மாதம் ஏறக்குறைய ஐந்நூறு விசுவாசிகள் பல ஊர்களிலிருந்து மாஸ்கோவுக்கு வந்து, கட்சியின் மத்தியக் குழு அலுவலகத்தின் முன் நின்றார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அப்படி நிற்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊழியர்கள் கியோர்கி வின்ஸும் க்ரியுச்கோவும் மூன்று வருஷ தண்டனை பெற்றார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தெரிவது ஸ்திரீகளின் வேலை. 1964-ல் கைதிகளின் உறவினர் சங்கம் ஒன்று தொடங்கியது. அதை நடத்தினவர்களில் முதன்மையானவர் லிதியா வின்ஸ் அம்மாள். புருஷன் ஸ்டாலின் காலத்துச் சிறையிலிருந்து திரும்பவே இல்லை. இப்போது மகன் கியோர்கி சிறையில். இந்த அம்மாவும் மற்றத் தாய்மாரும் மனைவிமாரும் என்ன செய்தார்கள்? பட்டியல் எழுதினார்கள். யார் கைதானார், எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை வருஷம், வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த முகாமுக்குக் கடிதம் போடவேண்டும். கையாலும் டைப்ரைட்டராலும் பிரதி எடுத்து சபை சபையாய் அனுப்பினார்கள். அரசாங்கத்துக்கும் அனுப்பினார்கள், வெளிதேசத்துக்கும் போயிற்று. கட்டப்பட்டவர்களை, அவர்களோடேகூட நாமும் கட்டப்பட்டதுபோல நினைக்கச் சொல்கிற எபிரெயர் 13:3-ஐ இவர்கள் பேனாவால் நிறைவேற்றினார்கள்.

அந்தப் பட்டியல்கள் சரியாக இருக்கவேண்டியிருந்தது. ஏனென்றால் சோவியத் அரசைப்பற்றிப் பொய்யான செய்தி பரப்புவது 1966-ல் தனிக்குற்றமாகவே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு பேர், ஒரு தேதி தப்பினால் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போடுவார்கள். 1970 டிசம்பரில் லிதியா அம்மாளையும் கைதுசெய்து மூன்று வருஷம் சிறை வைத்தார்கள். வேலை நிற்கவில்லை, வேறே சகோதரிகள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். உபத்திரவச் செய்தி என்று நம் கைக்கு வருகிற துண்டுப்பிரதிகளையும், இந்நாட்களில் போனில் வருகிறவைகளையும், ஊர் எது தேதி எது என்று கேட்காமலே நாம் ஜெபக்கூட்டத்தில் வாசித்துவிடுகிறோம். அந்தத் தாய்மார் அப்படிச் செய்யவில்லை.

சைபீரியாவில் சேர்னோகோர்ஸ்க் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கேயிருந்த பெந்தெகொஸ்தே விசுவாசிகளில் வாஷ்செங்கோ குடும்பம் ஒன்று. தேவன் இல்லை என்று போதிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். 1960-களின் தொடக்கத்தில் மூத்த பெண்பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டுபோய் அரசாங்க விடுதியில் போட்டார்கள். 1963 ஜனவரி 3-ஆம் தேதி அந்த ஊர் விசுவாசிகள் 32 பேர், பிள்ளைகளும் உட்பட, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்து உதவி கேட்டார்கள். சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1978 ஜூன் 27-ல் மறுபடி எட்டுப்பேர் வந்தார்கள். வாசலில் காவலர் ஒரு பையனைப் பிடித்துக்கொள்ள, ஏழுபேர் உள்ளே ஓடிவிட்டார்கள். பியோத்தர், அவுகுஸ்தினா வாஷ்செங்கோ, அவர்கள் குமாரத்திகள் மூவர், மரியா ச்மிகாலோவா, அவருடைய மகன் திமோத்தேயு.

ஒரு மணிநேரத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து வருஷம் தூதரகத்தின் அடித்தளத்தில் இருந்தார்கள்! 1981 கிறிஸ்மஸ் சமயத்தில் தாய் அவுகுஸ்தினாவும் மகள் லிதியாவும் உண்ணாமல் இருக்கத் தொடங்கினார்கள். லிதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து ஊர் திரும்பி, 1983 ஏப்ரலில் தேசத்தைவிட்டு வெளியேற அனுமதி பெற்றார். அதன்பின் மற்றவர்களும் தூதரகத்தைவிட்டு வெளியே வந்தார்கள். அந்த வருஷமே இரண்டு குடும்பங்களும் வெளியேறின. உள்ளே ஓட முடியாமல் வாசலில் பிடிபட்ட அந்தப் பையனும் கடைசியில் குடும்பத்தோடே போனான்.

இன்றைக்கு

1929 சட்டம் 61 வருஷம் நின்றது. எழுதினவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகும் நின்றது. 1990 அக்டோபரில் வந்த புதிய சட்டங்களால் அது ஒழிந்தபோது, ரஷ்யாவில் ஞாயிறு பள்ளிகள் பகிரங்கமாய்த் திறந்தன. கர்த்தருக்கு மகிமை!

ஆனால் காகிதம் திரும்பி வந்தது. 2016 ஜூலையில் ரஷ்யாவில் மிஷனெரி வேலையைக் கட்டுப்படுத்துகிற சட்டம் அமலுக்கு வந்தது. சபையின் அதிகாரபூர்வமான கடிதம் கையில் இல்லாமல் விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்லுவது குற்றம். தனி ஆளுக்கு 50,000 ரூபிள் வரையும் ஸ்தாபனத்துக்குப் பத்து லட்சம் ரூபிள் வரையும் அபராதம். அமலுக்கு வந்து ஒரு மாதத்துக்குள்ளே, ஓரியோல் பட்டணத்தில் தன் வீட்டில் கூட்டம் நடத்திய அமெரிக்க பாப்டிஸ்டு ஊழியர் ஒருவருக்கு 40,000 ரூபிள் அபராதம் போட்டார்கள்.

2017 ஏப்ரல் 20-ல் அங்குள்ள உச்சநீதிமன்றம் யெகோவா சாட்சிகளின் அமைப்பை முழுவதுமாகத் தடைசெய்தது. வீட்டில் கூடி வேதம் வாசித்ததற்காக அவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். டென்மார்க் தேசத்தார் ஒருவருக்கு 2019-ல் ஆறு வருஷ தண்டனை. இதைச் சொன்னவுடன் சிலர் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. "அவர்கள் துர்உபதேசக்காரர்தானே பாஸ்டர்?" கிறிஸ்துவின் தெய்வத்துவத்தைப் பற்றியும் பரிசுத்த ஆவியானவரைப் பற்றியும் அவர்கள் போதிப்பதை நாம் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடியாது. அதை வேதத்தைத் திறந்துவைத்து எதிர்ப்போம். ஆனால் துர்உபதேசத்தை அடக்கும்படி போலீஸ்காரனிடம் கொடுக்கச் சொல்லி அப்போஸ்தலர் யாரும் போதிக்கவில்லை. 1951 ஏப்ரலில் இதே ஜனங்களை ஆயிரக்கணக்கில் ரயிலேற்றிச் சைபீரியாவுக்குக் கடத்தின அதே கைதான், அந்நியபாஷை பேசினதற்காக நம்முடைய மூப்பரையும் கட்டியது. இது மெய், இது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை ஒருமுறை அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த தீர்ப்பு யாருக்கு என்று நம்மைக் கேட்டு எழுதமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் 1 தீமோத்தேயு 2:1,2-ன்படி அதிகாரமுள்ளவர்களுக்காக ஜெபிக்கும்போது, ரஷ்யாவில் சாட்சி சொன்னதற்காக அபராதம் கட்டுகிற சபைகளையும், விசுவாசத்தின் நிமித்தம் சிறையிலிருக்கிற எந்தக் கூட்டத்தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கூட்டத் தலைவர்களுக்கு: ஒபதியாவின் பகுதியை மெதுவாய் வாசிக்கவையுங்கள். 1 இராஜாக்கள் 18:9 முதல் 14 வரை அவன் பயந்து பேசுகிறான், 16-ல் எழுந்து போகிறான். இடையில் என்ன நடந்தது என்று வாலிபர்களைச் சொல்லவிடுங்கள். பெரியவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லவேண்டாம். பிள்ளைகளையும் கூட உட்காரவையுங்கள்.